டவுட், சஸ்பெக்ட், ஸ்கெப்டிகல்: ஆங்கிலத்தில் 'நம்பவில்லை' என்று சொல்ல எதை எங்கே போடுவது?

ஈசிட்டி செந்தில்

வணக்கம் மக்களே. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ப்ராஜெக்ட் பார்க்கிறேன். எங்கள் கிளையண்ட் சிகாகோக்காரர். நேற்று சாயங்காலம் ஒரு மெயில் போட்டார்: 'ஐ ஆம் எ பிட் ஸ்கெப்டிகல் அபவுட் தி டிசம்பர் டேட்.' வேறு எதுவும் இல்லை.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு டீமில் பெரிய பஞ்சாயத்து. கிளையண்டுக்கு நம் மேல் நம்பிக்கை போய்விட்டது, மேலிடத்துக்குப் போகப் போகிறார் என்று லீடுக்குப் பயம். அவர் எழுதி வைத்திருக்கும் பதில் 'வி அண்டர்ஸ்டாண்ட் யூ ஆர் சஸ்பிஷியஸ் ஆஃப் அஸ்' என்று ஆரம்பிக்கிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம், அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சி நிறுத்தியிருக்கிறேன். ஸ்கெப்டிகலும் சஸ்பிஷியஸும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரிகிறது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அகராதியைப் புரட்டினால் டவுட்ஃபுல், டூபியஸ், ஸ்கெப்டிகல், சஸ்பிஷியஸ் எல்லாவற்றுக்கும் எதிரே 'சந்தேகமுள்ள', 'ஐயத்திற்குரிய' என்றுதான் இருக்கிறது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

பொம்மனஹள்ளி பாலா

பாஸ், அந்த ஆள் தேதியை நம்பவில்லை. அதைச் சொல்ல நாலு வார்த்தை இருந்தால் என்ன, நாற்பது இருந்தால் என்ன? டிசம்பரில் முடியுமா, முடியாதா? அதைச் சொல்லிவிட்டுப் போங்க.

அல்சூர் அகிலா

பாலா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் கம்பெனிகள் என்னைக் கூப்பிட்டு ஆங்கிலப் பயிற்சி நடத்தச் சொல்கின்றன, அதனால் நானே பதில் சொல்கிறேன்.

செந்தில், முதலில் உங்கள் மெயில். ஸ்கெப்டிகல் என்று சொல்பவர் இன்னும் முடிவு கட்டவில்லை. 'காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்' என்பதுதான் அதன் தொனி. சொல்லின் வேர் கிரேக்கத்தில் உற்றுப் பார்ப்பது, ஆராய்வது என்ற பொருளில் இருக்கிறது. அவர் சந்தேகப்படுவது தேதியை. உங்களை என்று மெயிலில் எங்கேயும் இல்லை. நடுவில் இருக்கும் 'எ பிட்' மரியாதைக்குப் போட்டது, அதை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிஜத்தில் நன்றாகவே சந்தேகப்படுகிறார்.

சஸ்பிஷியஸ் வேறு ரகம். எதையோ மறைக்கிறார்கள், உள்ளே வேறு ஏதோ ஓடுகிறது என்று மோப்பம் பிடிக்கிற மனநிலை. தேதி கேட்ட மனிதரிடம் போய் 'நீங்கள் எங்களைச் சந்தேகப்படுவது புரிகிறது' என்றால் எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அதுவரை அப்படி நினைக்காதவரும் குதிரைத் திறந்து பார்ப்பார்.

அடுத்தது டவுட்டும் சஸ்பெக்ட்டும். நம் ஊர் ஆட்கள் அதிகமாக வழுக்குவது இங்கேதான், அதற்குக் காரணம் நம்முடைய 'சந்தேகம்' என்ற சொல். 'அவன் வருவானான்னு சந்தேகம்' என்றால் மனசு வரமாட்டான் பக்கம் சாய்கிறது. 'அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்' என்றால் எடுத்தான் பக்கம் சாய்கிறது. தமிழில் 'வருவானா', 'எடுத்திருப்பான்' என்பதிலேயே திசை தெரிந்துவிடுவதால் சந்தேகம் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் உட்கார்ந்திருக்கலாம். ஆங்கிலத்தில் அந்த வேலையை வினைச்சொல்லே செய்ய வேண்டும். 'ஐ டவுட் ஹி டுக் இட்' என்றால் அவன் எடுத்திருக்கமாட்டான். 'ஐ சஸ்பெக்ட் ஹி டுக் இட்' என்றால் அவன்தான் எடுத்திருப்பான். மாற்றிப் போட்டால் திருடன் நிரபராதி ஆகிவிடுவான்.

என் வகுப்பில் இதற்கு ஒரு டிக்கெட்டை, அதாவது சாஃப்ட்வேரில் இருக்கிற கோளாறைப் பதிவு செய்யும் குறிப்பை, உதாரணமாகக் காட்டுவேன். டெஸ்டர் எழுதியிருக்கிறார்: 'ஐ டவுட் தேர் இஸ் எ மெமரி லீக் இன் திஸ் மாட்யூல்.' அவர் சொல்ல வந்தது, லீக் இருக்கும்போலத் தெரிகிறது, பாருங்கள். அந்தப் பக்கம் படித்தவருக்குப் புரிந்தது, லீக் இருக்க வாய்ப்பில்லை என்று டெஸ்டரே சொல்லிவிட்டார். டிக்கெட்டை மூடிவிட்டார்.

கோர்ட் வாசல்

சிட்டி சிவில் கோர்ட்டில் வக்கீல். அகிலா மேடம் சொன்னதற்கு நம்முடைய தினசரிப் பேப்பரே சாட்சி.

ஒருவரைப் பிடிக்கும்போது 'சந்தேகத்தின் பேரில் கைது' என்று செய்தி வரும். வழக்கு முடிந்ததும் அதே ஆளுக்கு 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்று வரும். உள்ளே தள்ளியதும் சந்தேகம், வெளியே விட்டதும் சந்தேகம். ஆங்கிலத்தில் முதலாவது சஸ்பிஷன், இரண்டாவது டவுட். போலீஸுக்கு இருந்தது சஸ்பிஷன்: இவன்தான் செய்திருப்பான். நீதிபதிக்கு வந்தது டவுட்: இவன்தான் செய்தானா?

சஸ்பிஷன் எவ்வளவு பலமாக இருந்தாலும் ஆதாரத்தின் இடத்தில் அது உட்கார முடியாது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 1957இல் வந்த சர்வான் சிங் வழக்கின் தீர்ப்பில், 'உண்மையாக இருக்கலாம்' என்பதற்கும் 'உண்மையாகத்தான் இருக்க வேண்டும்' என்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது என்று ஒரு வாசகம் வரும். எங்கள் வாதங்களில் இன்றும் அதை எடுத்துப் போடுகிறோம். அந்தத் தூரத்தைப் போலீஸ் ஆதாரத்தால் கடக்க வேண்டும். கடக்க முடியாமல் நிற்கிற இடத்துக்குப் பெயர்தான் ரீசனபிள் டவுட். எல்லா டவுட்டுக்கும் விடுதலை கிடையாது. 'வேற்றுக்கிரகவாசி வந்து கொன்றிருக்கலாமே' என்பதும் டவுட்தான், ஆனால் ரீசனபிள் இல்லை.

ஸ்ரீராமபுரம் ரகு

இங்கே இன்னொரு கூத்தும் உண்டு. நான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவன். கன்னடத்தில் சந்தேகத்துக்குச் சர்வ சாதாரணமாக 'அனுமான' என்பார்கள். பேப்பரில் 'அனுமானாஸ்பத' என்று வந்தால் சந்தேகத்துக்கிடமான என்று அர்த்தம். தமிழில் அனுமானம் என்றால் ஊகம். சேலத்திலிருந்து வந்த என் மச்சானுக்கு ஒரு நாள் 'அனுமானாஸ்பத சாவு' என்ற செய்தியை வாசித்துக் காட்டினேன். 'ஊகமா செத்துட்டானா, எப்படி மாமா?' என்று கேட்டான்.

விவேக் நகர் வாத்தியார்

பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். அகிலா அம்மா சொல்வது இன்றைய வழக்குக்கு முழுக்கச் சரி. ஆனால் நம் டெஸ்டரை அவ்வளவு சீக்கிரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

ஆங்கிலத்திலேயே டவுட் ஒரு காலத்தில் அந்தப் பக்கமும் சாய்ந்தது. 'அப்படித்தான் இருக்குமோ என்று அஞ்சுகிறேன்' என்ற பொருளில் ஷேக்ஸ்பியர் காலத்தில் தாராளமாக எழுதினார்கள். ஸ்காட்லாந்தில் இன்றும் 'ஐ டவுட் இட்ஸ் கோயிங் டு ரெயின்' என்றால் மழை வரும்போலிருக்கிறது என்று அர்த்தம், குடையை எடுக்க வேண்டும். லண்டனில் அதே வாக்கியத்துக்குக் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

எழுத்துக்கூட்டலில் இருக்கிற ஊமை 'பி'யும் ஒரு கதை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்து சொல்லில் இல்லை. இந்தச் சொல் லத்தீன் 'டூபிடாரே' வழி வந்தது, அதை எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று பிற்காலப் படிப்பாளிகள் கொண்டுவந்து செருகினார்கள். வாயில் நுழையவே இல்லை. பையன்கள் அதற்காக அடி வாங்கியதுதான் மிச்சம். அந்த லத்தீன் சொல் இரண்டைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. இதுவா அதுவா என்று இரண்டு மனமாக நிற்பது. டூபியஸ் என்பதும் அதே குடும்பம்.

அல்சூர் அகிலா

வாத்தியார் ஐயா, ஸ்காட்லாந்து விஷயம் அருமை, வகுப்பில் சொல்லப் போகிறேன். ஆனால் செந்திலின் கிளையண்ட் சிகாகோவில் இருக்கிறார், எடின்பரோவில் இல்லை.

நைட் ஷிஃப்ட் நந்தினி

எனக்கு ஒரு டவுட். 😀 இந்த 'ஐ ஹேவ் எ டவுட்' சரியா, தப்பா? கிளையண்டோடு ஃபோன் காலில் நான் இதைச் சொன்னாலே அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி.

அல்சூர் அகிலா

நம் நாட்டில் சரி. சின்ன வயதிலிருந்து 'சார், ஒரு டவுட்டு' என்று கை தூக்கியே வளர்ந்திருக்கிறோம். கோச்சிங் சென்டர்காரர்கள் 'டவுட் கிளியரிங் செஷன்' என்றே போர்டு போடுகிறார்கள். இது இந்திய ஆங்கிலம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்கக் காதில் மட்டும் 'நீங்கள் சொல்வதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை' என்று விழும். அந்த ஒரு நொடி அமைதி அதனால்தான். நீங்கள் விளக்கம் கேட்கிறீர்கள், அவருக்கு ஆட்சேபம் கேட்கிறது. அந்தக் காலில் 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று மாற்றிச் சொல்லிவிடுங்கள். வெள்ளைக்காரன் வீட்டில் அவன் பேச்சு, நம் வீட்டில் நம் பேச்சு.

மல்லேஸ்வரம் மது

ஸ்பானிஷ் படிக்கிறேன். அவர்களும் 'தெங்கோ உனா தூதா' என்றுதான் கை தூக்குகிறார்கள், சொல்லுக்குச் சொல் 'ஒரு டவுட் இருக்கிறது'. அதே லத்தீன் வேர்தான். நாம் மட்டும் ஏதோ தனியாகத் தப்பு பண்ணுகிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பொம்மனஹள்ளி பாலா

'நோ டவுட்' என்று போட்டால்? சந்தேகமே இல்லை என்றுதானே?

அல்சூர் அகிலா

அதுதான் இல்லை. 'ஹி வில் நோ டவுட் கால் யூ' என்றால் பெரும்பாலும் கூப்பிடுவார் என்ற அளவுக்குத்தான் பலம். அடித்துச் சொல்ல வேண்டுமானால் 'தேர் இஸ் நோ டவுட்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் 'வித்தவுட் டவுட்'. மெயிலில் 'நோ டவுட் யூ ஹேவ் செக்ட் திஸ்' என்று எழுதினால் குத்தல். 'பார்த்திருப்பீங்களே, பார்க்காம இருப்பீங்களா' என்று மாமியார் கேட்கிற தொனி.

இதற்குத் தலைகீழ் 'ஐ சஸ்பெக்ட் யூ ஆர் ரைட்'. நம் ஆட்கள் அந்த நடுச் சொல்லைப் பார்த்ததும் பதறிவிடுகிறார்கள். அவர் ஒப்புக்கொள்கிறார், 'நீங்க சொல்றதுதான் சரின்னு நினைக்கிறேன்' என்கிறார். அங்கே குற்றமும் இல்லை, குற்றவாளியும் இல்லை.

நைட் ஷிஃப்ட் நந்தினி

அக்கா, இன்னொன்று. எங்கள் ஹெச்.ஆர். போன வாரம் எல்லோருக்கும் ஒரு பாராட்டு மெயில் அனுப்பியது: 'தாங்க்யூ ஃபார் யுவர் இன்கிரெடுலஸ் எஃபர்ட்.' இதில் ஏதோ உதைக்கிறதே?

அல்சூர் அகிலா

உதைக்கிறது, பலமாகவே. இன்கிரெடிபிள் என்பது விஷயத்துக்கு: நம்ப முடியாத உழைப்பு. இன்கிரெடுலஸ் என்பது ஆளுக்கு, அவர் முகத்துக்கு, குரலுக்கு: நம்பாதவர், நம்பாத பார்வை. உங்கள் ஹெச்.ஆர். உழைப்புக்கே கண்ணை விரிக்க வைத்துவிட்டது.

இரண்டும் நம்புவதைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேர். கடன் என்று சொல்கிறோமே கிரெடிட், அதுவும் அங்கிருந்து வந்ததுதான். நம்பிக் கொடுப்பது. கிரெடுலஸ் என்றால் யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிற அப்பாவி. முன்னால் 'இன்' சேர்த்தால் அவருக்கு நேர் எதிர், காதில் பூ சுற்ற முடியாத ஆள்.

மத்திய சுற்றுலாத் துறை 2002இல் 'இன்கிரெடிபிள் இந்தியா' என்று விளம்பரம் ஆரம்பித்தது நினைவிருக்கும். அங்கே மற்றச் சொல்லைப் போட்டிருந்தால், வருகிற பயணிகளை எல்லாம் நாடே முறைத்துப் பார்க்கிற மாதிரி ஆகியிருக்கும்.

விவேக் நகர் வாத்தியார்

மறுபடியும் குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்கிரெடுலஸைப் பொருளுக்கும் போடுகிற வழக்கம் பழைய ஆங்கிலத்தில் இருந்தது, ஷேக்ஸ்பியரிடமே இருக்கிறது. பிறகு வழக்கொழிந்தது. இப்போது மெல்லத் தலைகாட்டுகிறது. ஹெச்.ஆர். அம்மையாரைத் தப்பு என்று சொல்வதைவிட 400 வருஷம் லேட் என்று சொல்லலாம்.

அல்சூர் அகிலா

ஐயா, நீங்கள் வாத்தியாராக இருந்தபோது இதற்கு மார்க் போட்டிருப்பீர்களா?

விவேக் நகர் வாத்தியார்

மாட்டேன்.

கோர்ட் வாசல்

இன்கிரெடிபிளுக்குப் பேச்சில் இப்போது 'பிரமாதம்' என்ற அர்த்தம்தான் மிஞ்சியிருக்கிறது. கோர்ட்டில் மட்டும் பழைய அர்த்தம் உயிரோடு இருக்கிறது. சாட்சியின் வாக்குமூலத்தை இன்கிரெடிபிள் என்று எழுதினால் பாராட்டு இல்லை, அந்தச் சாட்சியம் குப்பைக்கூடைக்கு. புதுசாக வந்த ஜூனியர்கள் குழம்பிவிடக்கூடாது என்று நான் 'நாட் கிரெடிபிள்' என்றே எழுதச் சொல்வேன்.

பொம்மனஹள்ளி பாலா

அப்போ அன்பிலீவபிள்?

மல்லேஸ்வரம் மது

அது இரண்டு பக்கமும் போகும். பவுண்டரி லைனில் பறந்து கேட்ச் பிடித்தால் கமெண்ட்ரியில் 'அன்பிலீவபிள்!' வீட்டு ஓனர் பத்து மாச வாடகையை அட்வான்ஸாகக் கேட்டுவிட்டு, காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாசம் பிடித்துக்கொண்டால் அதுவும் 'அன்பிலீவபிள்'. இரண்டு இடத்திலும் நம்பாமல் இல்லை, கண்ணெதிரே நடக்கிறது. முதலாவதில் வாய் பிளக்கிறோம், இரண்டாவதில் பல்லைக் கடிக்கிறோம். எழுத்தில் அந்தப் பல்லைக் கடிப்பது தெரியாது என்பதால் ஆபீஸ் மெயிலில் இதை நான் தொடுவதே இல்லை.

அல்சூர் அகிலா

மது சொன்னதை ஒட்டியே ஒன்று. 'ஐ டோன்ட் பிலீவ் இட்' என்றால் பெரும்பாலும் நம்பவில்லை, அது பொய். 'ஐ கான்ட் பிலீவ் இட்' என்றால் நம்பவே முடியவில்லை, ஆனால் நிஜம். தமிழிலும் இந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது, அதனால் யாரும் இதில் தடுமாறுவதில்லை. 'கான்ட்' பக்கத்துக்கு உரிய பெயர்ச்சொல்தான் டிஸ்பிலீஃப். அகராதியில் 'நம்பிக்கையின்மை' என்று போட்டிருப்பார்கள். 'ஹி ஸ்டேர்ட் இன் டிஸ்பிலீஃப்' என்பதை 'நம்பிக்கையின்றிப் பார்த்தார்' என்று மொழிபெயர்த்தால் அவர் விரக்தியில் இருப்பதுபோல ஆகிவிடும்.

அல்சூர் ஏரிக்கரை

நான் இந்தப் பக்கம் ரொம்ப வருஷமாக இருப்பவன், ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் அகிலா அம்மா சொல்கிற டிஸ்பிலீஃபை நேரில் பார்த்திருக்கிறேன். ஏரிக்குப் பக்கத்தில் திருவள்ளுவர் சிலையை 1991இல் வைத்தார்கள். திறக்க விடவில்லை. 18 வருஷம் துணி சுற்றியபடியே நின்றது. திறக்கப் போகிறார்கள் என்று அவ்வப்போது பேச்சு வரும், யாரும் காதில் வாங்கிக்கொள்வதில்லை. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி கலைஞர் வந்து, அப்போதைய கர்நாடக முதல்வர் எடியூரப்பாவும் மேடையில் இருக்க, திறந்தே விட்டார்கள். நாலு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறந்தாயிற்று. அன்றைக்கு இங்கே என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கை தட்டவே இல்லை. எல்லோரும் கத்துகிறார்கள், அவர் சிலையைப் பார்க்கிறார், திரும்பி என்னைப் பார்க்கிறார், மறுபடி சிலையைப் பார்க்கிறார். 'திறந்துட்டாங்களா?' என்று என்னிடமே கேட்டார். கண்ணெதிரே நிற்கிற சிலையை!

அல்சூர் அகிலா

ஐயா, வகுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதுதான் டிஸ்பிலீஃப். அதற்கு முந்தைய 18 வருஷம் 'திறப்பார்கள்' என்று கேட்கும்போதெல்லாம் இருந்தது ஸ்கெப்டிசிசம்.

கூடவே ஒன்று: சினிமா விமர்சனத்தில் 'சஸ்பென்ஷன் ஆஃப் டிஸ்பிலீஃப்' என்று வருமே, கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1817இல் எழுதிய தொடர். தெரிந்தே நம்பாமையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைப்பது. ஹீரோ ஒரே உதையில் ஜீப்பைப் பறக்கவிட்டால் நாம் விசில் அடிக்கிறோமே, அது.

விவேக் நகர் வாத்தியார்

அன்பிலீஃபையும் விட்டுவிடாதீர்கள். அது கிட்டத்தட்ட முழுக்கவே மதம் சார்ந்தது, கடவுள் மேல் விசுவாசம் இல்லாமை. தமிழ் பைபிளில் 'அவிசுவாசம்' என்று வரும். லேட்டாக வருகிற பஸ்ஸுக்கு யாரும் அன்பிலீஃப் சொல்லமாட்டார்கள்.

ஈசிட்டி செந்தில்

நடுவில் ஒரு அப்டேட். லீடிடம் இந்த இழையையே காட்டினேன். முதல் வரியை எடுத்துவிட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. வாரவாரியாக என்ன முடியும் என்று ஒரு அட்டவணை, எது யாரை நம்பி நிற்கிறது, டெஸ்டிங்குக்கு எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறோம், அவர்கள் பக்கத்திலிருந்து வர வேண்டிய இரண்டு ஒப்புதல்கள் எப்போது வேண்டும், இவ்வளவுதான் அனுப்பினோம். அவர் அந்த இரண்டு ஒப்புதலைப் பற்றி மட்டும் கேள்வி கேட்டுப் பதில் போட்டிருக்கிறார், இன்னும் தேதியை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சண்டை இல்லை.

அகிலா அக்கா, டூபியஸ் பாக்கி இருக்கிறது. டவுட்ஃபுலுக்கும் அதற்கும் என்ன?

அல்சூர் அகிலா

டவுட்ஃபுல் சாதுவானது. 'தி டேட் இஸ் டவுட்ஃபுல்' என்றால் நடப்பது கஷ்டம், அவ்வளவுதான், யார் மேலும் பழி இல்லை. டூபியஸில் ஒரு வாடை வரும். 'எ டூபியஸ் டீல்' என்றால் ஒப்பந்தத்தில் ஏதோ கோளாறு. 'எ டூபியஸ் கேரக்டர்' என்றால் ஆளே சரியில்லை. 'ஐ ஆம் டூபியஸ் அபவுட் இட்' என்று தன் மனநிலைக்கும் சொல்லலாம், அப்போது வாடை குறைவு. நம் ஆங்கிலப் பேப்பர்களுக்கு 'டூபியஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் உயிர். பெங்களூர் ட்ராஃபிக்கைப் பற்றி எழுதும்போது அந்தத் தொடர் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெயர் எடுத்தோம், என்ன பெயர் என்று கேட்காதீர்கள் என்ற மாதிரி.

சஸ்பிஷியஸிலும் இந்த இரட்டை வேலை உண்டு, அங்கே ஆபத்து கூட. 'தி வாட்ச்மேன் இஸ் சஸ்பிஷியஸ்' என்றால் வாட்ச்மேன் சந்தேகப்படுகிறாரா, வாட்ச்மேனைச் சந்தேகப்பட வேண்டுமா? எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குழுவில் ஒருவர் இப்படியே எழுதிவிட்டு, அந்த மனிதரின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தார். அவர் பாவம், வெளியில் நின்ற வண்டியைப் பற்றி எச்சரித்தவர். 'சஸ்பிஷியஸ் ஆஃப் தட் வேன்' என்று முடித்திருந்தால் பிரச்சினையே இல்லை.

பிடிஎம் பிரகாஷ்

என்னையும் ஸ்கெப்டிக் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பருவநிலை மாற்றம் எல்லாம் சும்மா கட்டுக்கதை, நான் எதையும் நம்புவதில்லை.

மல்லேஸ்வரம் மது

அதற்குப் பெயர் ஸ்கெப்டிக் இல்லை பிரகாஷ். ஆதாரத்தைக் காட்டினால் மனசு மாறுகிறவர்தான் ஸ்கெப்டிக். காட்டினாலும் மாறமாட்டேன் என்றால் டினையர், மறுப்பவர். இந்தச் சண்டை பத்திரிகைகளிலேயே நடந்திருக்கிறது. அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2015இல் தன் நடைக் கையேட்டில் இந்த விஷயத்தில் ஸ்கெப்டிக்கும் வேண்டாம், டினையரும் வேண்டாம், 'டவுட்டர்' என்று எழுதுங்கள் என்றது. லண்டன் கார்டியன் பத்திரிகை 2019இல் எதிர்ப்பக்கம் போய், ஸ்கெப்டிக்கை விட்டுவிட்டு 'க்ளைமேட் சயன்ஸ் டினையர்' என்றே எழுதுவோம் என்று முடிவு செய்தது. என் ஓட்டு கார்டியனுக்கு. ஸ்கெப்டிக் மரியாதையான சொல், அதை எல்லோருக்கும் தானம் செய்ய முடியாது.

பிடிஎம் பிரகாஷ்

அரசாங்கம் சொல்கிற எதையும் நம்பாமல் இருப்பது என் உரிமை. பெங்களூர் மஞ்சள் லைன் மெட்ரோவுக்கு எத்தனை தேதி சொன்னார்கள், ஒன்றாவது நடந்ததா?

பொம்மனஹள்ளி பாலா

பிரகாஷ், அதில் நானும் உங்கள் கட்சி. ஒவ்வொரு தேதிக்கும் 'ஐ டவுட் இட்' தான். ஆனால் 2025 ஆகஸ்டில் திறந்ததும் மறுநாளே ஏறி, ட்ராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தலைக்கு மேலே தாண்டிப் போனேன். நம்பாதவனும் டிக்கெட் எடுக்கலாம்.

அல்சூர் அகிலா

பிரகாஷ், 'அவங்க எதைச் செய்தாலும் காசுக்குத்தான், ஓட்டுக்குத்தான்' என்று நினைத்தால் அது சினிகல். ஸ்கெப்டிகல் ஆசாமி சொன்ன விஷயத்தைச் சோதிப்பார். சினிகல் ஆசாமிக்கு விஷயம் சரியாக இருந்தாலும் சொன்னவரின் நோக்கம் தப்பு. கிரேக்கத்தில் நாயைக் குறிக்கும் சொல்லோடு அதற்கு உறவு உண்டு. பழைய கிரேக்கத் தத்துவவாதி டயோஜெனிஸின் கூட்டத்தை ஊர் அப்படித்தான் கூப்பிட்டது.

இழை நிர்வாகி

பருவநிலை விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். இங்கே சொல் மட்டும்.

நைட் ஷிஃப்ட் நந்தினி

அக்கா, உச்சரிப்பு ஒன்று. ஸ்கெப்டிக்கை எங்கள் ஃப்ளோரில் பாதிப் பேர் 'செப்டிக்' என்கிறார்கள்.

விவேக் நகர் வாத்தியார்

அது கழிவுநீர்த் தொட்டி, அம்மா. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் 'எஸ்' பக்கத்தில் 'சி' இருப்பதால் வருகிற மயக்கம். அமெரிக்கர்கள் அங்கே 'கே' போடுகிறார்கள், அதைப் பார்த்து எழுதினால் வாய் தானாகச் சரியாகும். சஸ்பெக்ட்டிலும் ஒரு நுணுக்கம்: வினையாகச் சொல்லும்போது அழுத்தம் பின்பாதியில் விழும், 'சந்தேகிக்கப்படுபவர்' என்ற பெயராக வந்தால் முன்பாதியில்.

கோர்ட் வாசல்

மிஸ்ட்ரஸ்ட், டிஸ்ட்ரஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. மனுவில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.

அல்சூர் அகிலா

பெரும்பாலும் மாற்றிப் போட்டாலும் குடி முழுகாது. ரொம்பப் பார்க்கிறவர்கள், பட்டுத் தெரிந்துகொண்டு நம்பாமல் போவதை டிஸ்ட்ரஸ்ட் என்றும், காரணம் சொல்லத் தெரியாமல் மனசு ஒட்டாமல் இருப்பதை மிஸ்ட்ரஸ்ட் என்றும் பிரிப்பார்கள். ஒரு முறை கள்ள மீட்டரில் ஏமாந்தபின் அந்த ஆட்டோக்காரரிடம் வருவது டிஸ்ட்ரஸ்ட். எந்த ஆட்டோவில் ஏறினாலும் மீட்டரையே பார்த்துக்கொண்டு வருவது மிஸ்ட்ரஸ்ட். மனுவில் எதிர்த்தரப்புக்காரர் என்ன செய்தார் என்று தேதியோடு சொல்லப் போகிறீர்கள் என்றால் டிஸ்ட்ரஸ்ட் போடுங்கள்.